சேர்ந்திசையும் சமூக உறவும்: எம். பி. சீனிவாசனின் இசைப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

1

தமிழிலே முற்போக்குக் கலை இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்தை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. சிறுகதை, நாவல், கவிதை ஆகியன குறித்து விரிவான விவாதங்கள் நடந்துள்ளன. நாடகமும் ஓரளவு கவனத்தைப் பெற்றுள்ளது. ஆயின் இசையைப் பொறுத்தவரையில் நிலைமை வேறாகும். பாடலின் சொற்கள் ஆராயப்பட்ட அளவுக்கு, அச்சொற்களைப் பாடியவர் யார், கேட்டவர் யார், பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலான உறவு யாது என்னும் வினாக்கள் ஆராயப்படவில்லை. பாட்டின் பொருள் புரட்சிகரமாயிருப்பின் அது முற்போக்குப் பாட்டு எனவும், பக்தியோ காதலோ அதன் பொருளாயின் அது பிற்போக்கு அல்லது பொழுதுபோக்கு எனவும் முடிவு கட்டும் போக்கே பெருவழக்காயிருந்து வந்துள்ளது.

இந்தப் போக்கின் குறைபாட்டை உணர்த்தக்கூடிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது எம். பி. சீனிவாசனின் வாழ்க்கையாகும். 1925 செப்ரெம்பர் 19இல் பிறந்த அவருக்கு 2025ஆம் ஆண்டோடு நூறாண்டு நிறைவெய்தியது. மலையாளத் திரையிசை அமைப்பாளர் என்றே பலரும் அவரை அறிவர். ஆயின் சேர்ந்திசை ஆசிரியர் என்ற வகையில் அவர் செய்த பணியே வரலாற்று முக்கியத்துவம் உடையது என்பது இக்கட்டுரையின் துணிபு. நவீன காலத் தமிழிசை வரலாற்றிலே இரண்டு வினாக்கள் உரத்து எழுப்பப்பட்டன. எம்மொழியிற் பாடுவது என்பது ஒன்று. எதைப் பாடுவது என்பது மற்றையது. முதலாவதைத் தமிழிசை இயக்கம் எழுப்பியது. இரண்டாவதை இடதுசாரிகள் எழுப்பினர். யார் பாடுவது என்னும் மூன்றாவது வினாவைத் தமது தொழிற்பாட்டினால் எழுப்பியவர் சீனிவாசன். அவரது சாதனையையும் வரம்பையும் இந்த வினாவை முன்வைத்தே மதிப்பிடுதல் வேண்டும்.

2

அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூரிற் பிறந்த சீனிவாசன், மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். 1943இல் தோற்றம் பெற்ற இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சூழலே அவரது கலை நோக்கை உருவாக்கியது. வங்கப் பஞ்சத்தின் கொடுமையை மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் நிவாரணம் திரட்டவும் முனைந்த அம்மன்றம், நாடகத்தோடு கூட்டுப்பாடலையும் தன் முதன்மையான கருவியாகக் கொண்டிருந்தது. சலில் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்கள் அங்கிருந்தே வந்தனர். 1958இல் கல்கத்தாவில் ருமா குஹ தாகுர்த்தா அமைத்த இளைஞர் சேர்ந்திசைக் குழுவும் அம்மரபின் தொடர்ச்சியே. சென்னையில் சீனிவாசன் பின்னர் மேற்கொண்ட பணியை இந்த அகில இந்தியப் பின்னணியிலே வைத்து நோக்குவது பொருத்தமாகும். ஜாலியன்வாலாபாக் நிகழ்ச்சிகளோடு தொடர்புடைய பஞ்சாபின் தேசியத் தலைவர் சைபுதீன் கிச்சுலுவின் மகளை அவர் மணந்தமையும், மத எல்லைகளைக் கடந்த அந்தத் தலைமுறையின் வாழ்க்கை நோக்குக்குச் சான்றாகும்.

1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' என்னும் திரைப்படத்துக்கு அவர் இசையமைத்தார். வங்கத்திலே 'சின்னமூல்' என்னும் படத்தை உருவாக்கிச் சென்னைக்கு வந்த நிமாய் கோஷ் அதன் நெறியாளர். ஜெயகாந்தன் அதற்குப் பாடல் எழுதியோருள் ஒருவர். அப்படம் வணிக வெற்றி பெறவில்லை. பின்னர் மலையாளத் திரையுலகே அவரது தொழிற்களமாயிற்று. 1961இல் கே. ஜே. யேசுதாஸ் தமது முதலாவது திரைப்பாடலைப் பாடியது சீனிவாசனின் இசையமைப்பிலேயாகும். 'கால்பாடுகள்' என்ற அப்படத்துக்காகப் பாடப்பெற்றவை, சாதி மத வேற்றுமையை மறுக்கும் நாராயண குருவின் அடிகளாம். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981), 'முகாமுகம்' (1984) ஆகியவற்றுக்கும் அவரே இசையமைத்தார். ஜோன் ஏப்ரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) படத்திலே பேராசிரியர் பாத்திரத்தையேற்று நடித்தார்.

இவ்விவரங்களோடு இன்னொன்றையும் சேர்த்து நோக்குதல் அவசியம். சென்னைத் திரையுலகின் இசைக் கலைஞர்கள் தொழிற்சங்கமாக அமைவதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் சீனிவாசன் ஒருவர். திரையுலகிலே 'கோரஸ்' என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பிட்ட பொருளுண்டு. நட்சத்திரப் பாடகரின் குரலுக்குப் பின்னணியாக, பெயர் குறிக்கப்படாது, நாட்கூலிக்குப் பாடுவோரின் குரலே அது. வாத்தியக் கலைஞரின் நிலையும் இதுவே. அவர்களின் உழைப்பை உழைப்பென ஏற்கச் செய்வது தொழிற்சங்கப் பணி. நட்சத்திரக் குரலே இல்லாத ஓர் இசையை உருவாக்குவது சேர்ந்திசைப் பணி. இவ்விரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இணைந்தமை தற்செயலன்று. 1970களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தபோது, தொழிற்சங்கத்திலே கற்ற ஒழுங்கமைப்பை இசைக்குள் கொண்டுவந்தார் எனலாம்.

3

சேர்ந்து பாடுதல் தமிழருக்குப் புதிதன்று. நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, கப்பற்பாட்டு, கும்மி ஆகியவை கூட்டாகப் பாடப்பட்டவையே. கூட்டுழைப்பின் தாளத்திலிருந்தே பாட்டுப் பிறந்தது என்னும் கருத்தை ஜோர்ஜ் தொம்சன் விளக்கியுள்ளார். அவரிடம் பேர்மிங்காமில் ஆய்வு செய்த பேராசிரியர் க. கைலாசபதியின் வழியாக அக்கருத்து ஈழத்து வாசகருக்கு நன்கு அறிமுகமானது. ஆயின் உழைப்பு முறை மாறும்போது அதனோடு பிணைந்த பாட்டும் தன் சமூகத் தளத்தை இழக்கின்றது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் ஏற்றப்பாட்டைப் பாடுவதற்குக் காரணமில்லை. எஞ்சுவது சேகரிப்பாளரின் ஏடே.

பஜனை மரபும் தேவாரக் கூட்டுப்பாராயணமும் வேறு வகையின. அங்கே பலர் பாடினும் அவர்களை இணைப்பது வழிபாட்டு நம்பிக்கை. சாதியடிப்படையிலான விலக்குகளும் அவற்றோடு நெடுங்காலம் பிணைந்திருந்தன.

இவற்றுக்கு மேலே, இருபதாம் நூற்றாண்டிலே உயர் கலையென நிறுவப்பட்டது தனிப்பாடகரின் கச்சேரியாகும். 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அக்கடமி போன்ற சபைகளும் அரியக்குடி இராமானுச ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையும் அதனை வலுப்படுத்தின. தனியொருவரின் மேதைமை, அவருக்குப் பக்கவாத்தியங்கள், எதிரே மௌனமாயிருந்து சுவைக்கும் இரசிகர் கூட்டம் என்பதே அக்கச்சேரியின் சமூக வடிவம். 1940களிலே எழுச்சி பெற்ற தமிழிசை இயக்கம், தெலுங்குக்கும் வடமொழிக்கும் இருந்த முதன்மையை எதிர்த்தது. அது நியாயமான கோரிக்கையே. எனினும் பாடுவோர் ஒருவர், கேட்போர் பலர் என்ற அவ்வடிவத்தை அது கேள்விக்குட்படுத்தவில்லை. திரையிசையோ அதே வடிவத்தை இயந்திரத்தின் துணையோடு கோடிக்கணக்கானோரிடையே பரப்பியது. வீடுதோறும் வானொலி பாடியது, வீட்டிலுள்ளோர் கேட்டனர்.

வால்ற்றர் பெஞ்சமின் 1934இல், ஒரு படைப்பு அக்கால உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கூறுகின்றது என்று கேட்பதோடு நில்லாது, அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கின்றது என்று கேட்க வேண்டும் என்றார். இவ்வினாவை இசைக்கு எழுப்பினால் விளைவு தெளிவாகும். புரட்சிப் பாடலொன்றை ஒரு நட்சத்திரப் பாடகர் பாட, ஆயிரம் பேர் கேட்டுக் கைதட்டுவராயின், பாட்டின் கருத்து மாறியிருக்கலாம், உறவு மாறவில்லை. பாரதியின் பாடலொன்றை முறையாக இசை கற்காத முப்பது பேர் மாதக்கணக்கிற் பயின்று, ஒருவர் குரலை மற்றவர் கேட்டுப் பாடுவராயின், அங்கே உறவே மாறுகின்றது.

4

இவ்வாறு கூறுவது எளிது, செய்வது அரிது. சேர்ந்திசை ஆசிரியர் எதிர்கொள்ளும் முதற்றடை சுருதியாகும். கர்நாடக சங்கீதத்திலே பாடகர் தமக்கு வாய்ப்பான சுருதியைத் தாமே தெரிந்துகொள்வர். ஆண் பாடகர் ஒரு கட்டையைச் சூழ்ந்தும் பெண் பாடகர் ஐந்து கட்டையைச் சூழ்ந்தும் சுருதி வைத்துக்கொள்வது வழக்கம். இருவரையும் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாடச் செய்தால், ஒருவர் தம் எல்லைக்கு மேலேயோ மற்றவர் தம் எல்லைக்குக் கீழேயோ செல்ல நேரும். எனவே குரல்களை அவற்றின் வீச்சுக்கேற்பப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி மெட்டு வகுக்கும் பல்குரல் முறை, மேனாட்டு நாகரிக மோகத்தினால் மட்டும் வருவதன்று. வேறுபட்ட உடல்களைக் கொண்ட மனிதர் சேர்ந்து பாடவேண்டும் என்ற தேவையிலிருந்தே அது பிறக்கின்றது.

இரண்டாவது தடை ராகமாகும். மேனாட்டு ஒத்திசைவில் மூன்று சுரங்களை இடைவெளிவிட்டு அடுக்கி ஒரே நேரத்தில் ஒலிப்பது அடிப்படை. அதற்குச் சுரங்கள் அசையாது நிற்றல் வேண்டும். நமது சுரமோ கமகத்தினால் அசைவது. தோடியின் காந்தாரத்தை அசையாது நிறுத்தினால் தோடி தன் முகத்தை இழந்துவிடும். கமகம் குறைந்த ராகத்திலும் சிக்கல் உண்டு. மோகனத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஐந்து சுரங்களைக் கொண்டு அடுக்கக்கூடிய முச்சுரக் கூட்டுக்கள் இரண்டே: ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்பது ஒன்று, தைவதம், மேல் ஷட்ஜம், காந்தாரம் என்பது மற்றையது. மூன்றாவது ஒன்றை நாடின் மத்தியமத்தையோ நிஷாதத்தையோ கொணர்தல் வேண்டும். கொணர்ந்தால் அது மோகனமாக இராது. ஆகவே ராகத்தைக் காக்க விரும்பும் சேர்ந்திசையாளர், அடுக்கிய கூட்டுக்களையே நம்பியிராது வேறு வழிகளையும் கையாளவேண்டியவராகின்றார். முக்கியமான சொற்களை அனைவரும் ஒரே மெட்டிற் பாடுதல், ஒரு பகுதியினர் ஆதார சுருதியை நீட்டி நிற்க மற்றோர் மெட்டைக் கொண்டுசெல்லுதல், ஓரணி பாடிய அடிக்கு மற்றோர் அணி விடை கூறுதல், மூல மெட்டோடு அதே ராகத்தில் இன்னொரு மெட்டைப் பின்னுதல் என்பன அவ்வழிகளாம்.

சீனிவாசனின் சேர்ந்திசை, இந்திய ராகங்களையும் நாட்டார் மெட்டுக்களையும் அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் பல்குரல் முறையை எழுப்ப முயன்றது. மேனாட்டுத் தேவாலயப் பாடலின் நகலாக அது அமையவில்லை. இதன் முக்கியத்துவம் தூய இசைத் துறைக்குள் அடங்குவதன்று. நமது பிரதேசங்களில் நாற்குரற் பாடலுக்கு நிறுவன ஆதரவு கொடுத்தது பெரும்பாலும் கிறித்தவ தேவாலயமே. அதன் நுட்பத்தை ஏற்று, அதனை மதச்சார்பற்ற பொதுமக்கள் கலையாக மாற்றுவது, பழையதை அப்படியே நிராகரிப்பதுமன்று, அப்படியே ஏற்பதுமன்று.

5

சேர்ந்திசைக் குழுவுக்கு இசைப் பாரம்பரியமுடைய குடும்பத்திற் பிறந்திருத்தல் நியதியன்று. எனவே கற்பித்தலே அங்கு படைப்பின் பாதியாகிவிடுகின்றது. குருகுலத்தில் ஒரு மாணாக்கருக்குப் பல ஆண்டுகளிற் கிடைப்பதில் ஒரு சிறு பகுதியையேனும் பலருக்குச் சில மாதங்களிற் கொடுக்கவேண்டியுள்ளது.

இத்தகைய முயற்சிக்கு உலக வரலாற்றிலே முன்னோடிகள் உளர். பிரித்தானியாவில் ஜோன் கேர்வென் (1816-1880), நோர்விச் நகரத்து ஆசிரியையான சேரா குளோவரின் முறையைத் தழுவி 'ரோனிக் சொல்பா' என்னும் எளிய சுரமுறையைப் பரப்பினார். பியானோ வாங்க வசதியற்ற தொழிலாளர் குடும்பத்தினர் அதனாற் பல்குரற் பாடல்களைப் படித்துப் பாடக்கூடியவராயினர். எந்தச் சுருதியைத் தெரிந்துகொண்டாலும் அதனையே ஆதாரமாகக் கொள்வது அம்முறையின் அடிப்படை. நமது ஷட்ஜமும் அத்தகையதே. ஹங்கேரியில் சொல்த்தான் கொடாய் (1882-1967) அம்முறையைத் தம் நாட்டு நாட்டார் பாடல்களோடு இணைத்துப் பாடசாலைக்குக் கொண்டுசென்றார். 1950இல் அவர் பிறந்த ஊராகிய கெச்கெமேற்றில் இசையை மையமாகக் கொண்ட ஆரம்பப் பாடசாலை தொடங்கப்பட்டது. ஜேர்மனியில் பிரெக்ற்றும் ஹான்ஸ் ஐஸ்லரும் தொழிலாளர் சேர்ந்திசைக் குழுக்களோடு பணியாற்றினர். பார்ப்பவருக்காகவன்றி நடிப்பவர் கற்பதற்காகவே நாடகம் என்பது அவர்களின் கற்றல் நாடகக் கோட்பாடு.

சீனிவாசனின் பணி இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. சென்னையோடு நில்லாது கேரளத்திலும் இளைஞரையும் சிறுவரையும் கொண்ட குழுக்களை அவர் பயிற்றுவித்தார். 1988 மார்ச் 9இல் இலட்சத்தீவிலே காலமானார். அவர் பெயரைத் தாங்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழு திருவனந்தபுரத்தில் இயங்கலாயிற்று. தனிப்பாடகர் மறைந்தால் அவரது ஒலிப்பதிவு எஞ்சும். சேர்ந்திசை ஆசிரியர் மறைந்தபோது பாடக்கூடிய மனிதர் எஞ்சினர்.

6

ஆயின் பாராட்டோடு நின்றுவிடுதல் விமர்சனமாகாது. சீனிவாசனின் பணியில் மூன்று வரம்புகளைக் குறிப்பிடுதல் வேண்டும்.

முதலாவது, பங்கேற்போரின் வர்க்கத் தளம் பற்றியது. ஊதியமின்றி, ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவதற்கு ஓய்வு தேவை. பெருநகரத்திலே அத்தகைய ஓய்வு யாருக்கு வாய்க்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. கேர்வெனின் முறையும் ஐஸ்லரின் பாடலும் தொழிலாளர் கழகங்களிலே வேரூன்றின. இந்தியாவிலோ தொழிற்சங்க இயக்கம் சேர்ந்திசையைத் தன் பண்பாட்டுப் பணியின் நிலையான உறுப்பாக ஆக்கிக்கொள்ளவில்லை. இது சீனிவாசன் என்ற தனிமனிதரின் தவறன்று, இயக்கத்தின் தவறு. கூட்டத்தின் தொடக்கத்திற் பாடப்படுவதே பாட்டு என்னும் மனப்பான்மையிலிருந்து இயக்கம் விடுபடவில்லை.

இரண்டாவது, கருத்துநிலை பற்றியது. இந்தியாவின் பல மொழிப் பாடல்களையும் ஒரே குழு பாடுவது சேர்ந்திசையின் சிறப்பாகப் போற்றப்படுகின்றது. பிறமொழிப் பாட்டை மதித்துக் கற்பது சர்வதேசிய உணர்வுக்கு வழிசெய்யக்கூடும். அதே செயல், முரண்பாடுகளை மறைத்து 'தேசிய ஒருமைப்பாடு' என்னும் அரச முழக்கத்துக்கு அலங்காரமாகவும் அமையக்கூடும். மேடையிலே மொழிகள் இசைந்துவிட்டமையால், வாழ்க்கையில் மொழிகளுக்கிடையிலான அதிகார ஏற்றத்தாழ்வு நீங்கிவிடாது.

மூன்றாவது, கூட்டுக்குரல் என்பதன் தன்மை பற்றியது. சேர்ந்து பாடுதல் இயல்பாகவே முற்போக்கானது என்று கொள்ளுதல் தவறு. நாற்சி ஜேர்மனியிலும் இளைஞர் சேர்ந்து பாடினர். எனவே பலர் பாடுகின்றனரா என்பது அளவுகோலாகாது. எவ்வாறு பாடுகின்றனர் என்பதே அளவுகோல். பல்குரற் சேர்ந்திசையிலே ஒருவர் தம் மெட்டினின்றும் வழுவாது நிற்கவும் வேண்டும். அதே கணத்தில் அடுத்திருப்பவரின் வேறான மெட்டைக் கேட்கவும் வேண்டும். பிறர் குரலைக் கேளாதவர் சுருதி தவறுவர்; தம் குரலை விட்டுப் பிறர் குரலிற் சாய்பவர் அமைப்பையே குலைப்பர். அணிவகுப்பின் ஒற்றைக் குரலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. பயிற்சியின் இந்த ஒழுக்கமே சீனிவாசனின் பணியில் மிக ஆழமான அரசியற் கூறு என்பேன். அவரது பாடல்களின் கருத்தை மட்டும் ஆராய்பவருக்கு இது புலப்படாது.

7

இவ்வளவும் இலங்கையிலிருந்து நோக்கும் நமக்கு எவ்வகையில் முக்கியமாகின்றது? ஒரே மொழி, ஒரே இனம் என்னும் அரச முழக்கத்தின் விளைவை 1956 முதல் நாம் அனுபவித்தோம். அதற்கு எதிராக எழுந்த நமது அரசியலிலும் ஒரே குரலாய் நிற்குமாறு கேட்கப்பட்ட காலங்கள் உண்டு. வேறு குரலில் பேசியோர் துரோகிகளெனப்பட்டதும் உண்டு. ஒற்றுமை என்பது ஒற்றைக் குரலா, பல குரல்களின் இயைபா என்பது நமக்கு இசைக் கோட்பாட்டுப் பிரச்சினை மட்டுமன்று.

இவ்விடத்து நமது சொந்த மரபொன்றும் நினைவுகூரத்தக்கது. கூத்துக் களரியிலே ஆடுவோர் பாட, அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதனை வாங்கிப் பாடுவர். கிராமத்து உழைப்பாளர் பலரை மாதக்கணக்கிற் பயிற்றி அரங்கேற்றும் அண்ணாவியார், ஆட்ட ஆசிரியர் மட்டுமல்லர். சேர்ந்து பாடவும் பயிற்றும் ஆசிரியர். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைப் புத்துயிர்ப்பித்தபோது, ஆட்டமும் அரங்க அமைப்பும் நம் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. பிற்பாட்டின் இசைச் சாத்தியம் அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. மறுபுறத்திலே நமது இசைக்கல்வி தனிமாணவரின் பரீட்சைத் தேர்ச்சியையே பெரிதும் குறியாகக் கொண்டது. குரல்வளம் உள்ளவர் தெரிவு செய்யப்பட, ஏனையோர் தமக்குப் பாட வராது என்று நம்பியவாறே வாழ்நாளைக் கழிக்கின்றனர்.

சீனிவாசனின் வாழ்க்கை இந்த நம்பிக்கையை மறுக்கின்றது. பாட வராதோர் என்று ஒரு சாதியில்லை. பாடக் கற்பிக்கப்படாதோரே உளர். எழுத்தறிவு மக்களனைவருக்கும் உரியது என்பதை ஏற்றுக்கொண்ட முற்போக்கு இயக்கம், இசையறிவைப் பொறுத்து அதே நிலைப்பாட்டை எடுக்கத் தவறிவிட்டது. அவரது சேர்ந்திசை அமைப்புக்களை இசைக்குறிப்போடு தொகுத்தல், அவரிடம் பயின்றோரின் நினைவுகளைப் பதிவு செய்தல், பிற்பாட்டு மரபின் பயிற்சி முறையை இசையாசிரியரும் அண்ணாவிமாரும் சேர்ந்து ஆராய்தல், பாடசாலைகளிலே தெரிவுப் பரீட்சையின்றி யாவரும் சேரக்கூடிய குழுக்களை அமைத்துப் பார்த்தல் ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கவை. இவற்றுட் சில பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தொடங்கக்கூடியவை. நூற்றாண்டு நினைவு இத்தகைய பணிகளுக்குத் தூண்டுகோலாயின் அது பயனுடையதாகும்.